அட்ரினலின் ஜங்கி, டேர்டெவில், ஹூன்: யாரை எந்தச் சொல்லால் அழைக்கலாம்? ஒரு முழுமையான வழிகாட்டி

அக்கா மகன் வேலைக்கான சுயவிவரத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "மாமா, ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க" என்றான். மொழிபெயர்ப்பும் பிழைதிருத்தமும்தான் எனக்குச் சோறு போடுகிற தொழில். அதனால் குடும்பத்தில் யார் ஆங்கிலத்தில் நாலு வரி எழுதினாலும் என் கைக்கு வந்துவிடும். படிப்பு, மதிப்பெண், பயிற்சி எல்லாம் ஒழுங்காக இருந்தன. கடைசியில், பொழுதுபோக்கு என்ற இடத்தில், 'ஐ ஆம் அன் அட்ரினலின் ஜங்கி' என்று ஒரு வரி. விசாரித்தால், நண்பர்களோடு ரிஷிகேஷ் போனபோது 83 மீட்டர் உயர மேடையிலிருந்து காலில் கயிறு கட்டிக்கொண்டு ஒரே ஒரு முறை பங்கி குதித்திருக்கிறான்.

"ஒரு தடவை குதிச்சதுக்கு ஜங்கியாடா?"

"எல்லாரும் அப்படித்தான் மாமா போடுறாங்க. தப்பான வார்த்தையா?"

தப்பான வார்த்தை இல்லை. ஆனால் வேலைக்கான விண்ணப்பத்தில் உட்காரவேண்டிய வார்த்தையும் இல்லை. உயிருக்கு வில்லங்கமான விளையாட்டுகளில் ஆசை உள்ளவர்களைக் குறிக்க ஆங்கிலத்தில் பேச்சுவழக்குச் சொற்கள் கொட்டிக் கிடக்கின்றன. ஆங்கிலத் தமிழ் அகராதியைப் புரட்டினால் பாதிச் சொற்களுக்குச் 'சாகசப் பிரியர்', 'துணிச்சல்காரர்' என்றே போட்டிருக்கும். உண்மையில் ஒன்று பாராட்டு, ஒன்று கேலி, ஒன்று வசவு, ஒன்று போலீஸ் வழக்கு. அவனுக்கு அன்று போனில் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதல் படி: சொல்லைப் பிரித்து, உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள்

'ஜங்கி'யில் தொடங்குவோம். 'ஜங்க்' என்றால் பழைய கப்பல்களில் நைந்துபோன கயிறு. அதிலிருந்து பொதுவாக உதவாக்கரைப் பொருள், குப்பை என்ற பொருள் வந்தது. பிறகு அமெரிக்கத் தெருப்பேச்சில் ஹெராயின் போன்ற போதைப்பொருளுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அதற்கு அடிமையானவர் 1920-களில் 'ஜங்கி' ஆனார். மரியாதையான பெயராக அது ஒருநாளும் இருந்ததில்லை. சாக்கடையோரம் விழுந்து கிடப்பவனைப் பார்த்து மூக்கைச் சுளிக்கிற தொனி அதில் உண்டு.

அந்தச் சொல் பிற்பாடு வேறு சொற்களோடு ஒட்டிக்கொண்டு கொஞ்சம் சாதுவாகிவிட்டது. செய்தியே கதி என்று இருப்பவர் நியூஸ் ஜங்கி. இனிப்பை விடமுடியாதவர் ஷுகர் ஜங்கி. நம் ஊரில் 'சினிமாப் பைத்தியம்', 'காபிப் பைத்தியம்', 'கிரிக்கெட் வெறியன்' என்கிறோமே, அதே தச்சுவேலை. நோயின் பெயரை எடுத்து ஆசைக்குச் சூட்டுகிறோம். "நான் ஒரு காபிப் பைத்தியம் சார்" என்று ரயிலில் எதிரே உட்கார்ந்தவரிடம் சிரித்துக்கொண்டே சொல்லலாம். அதையே விண்ணப்பத்தில் எழுதமாட்டோம். மனநல மருத்துவமனை வாசலில் சத்தமாகச் சொல்லவும் மாட்டோம். 'அட்ரினலின் ஜங்கி'க்கும் அதே எல்லைதான். போதையால் பிள்ளையை இழந்த குடும்பத்தின் முன்னால் அந்தச் சொல் எப்படி விழும் என்று யோசித்தால் போதும், இடம் பொருள் தானாகப் பிடிபடும்.

முன்பாதியான அட்ரினலின் முழுக்க மருத்துவச் சொல். சிறுநீரகத்தின் மேல் குல்லாய் போல உட்கார்ந்திருக்கும் சுரப்பியில் ஊறுவது. 1901-ல் ஜோகிச்சி டகாமினே என்ற ஜப்பானிய வேதியியலாளர் அதைத் தூய வடிவில் பிரித்தெடுத்தார். அமெரிக்காவில் அந்தப் பெயர் ஒரு மருந்து நிறுவனத்தின் வணிகப் பெயராகிவிட்டதால் அங்குள்ள மருத்துவர்கள் எபினெஃப்ரின் என்பார்கள், பிரிட்டனில் அட்ரினலின் என்பார்கள். ஆனாலும் அமெரிக்காவில் யாரும் 'எபினெஃப்ரின் ஜங்கி' என்று சொல்லிக் கேட்டதில்லை. பேச்சுவழக்குக்கு மருந்துச் சீட்டு தேவைப்படுவதில்லை.

இதே சோதனையை 'ஸ்பீட் ஃப்ரீக்' மீது வைத்துப் பாருங்கள். வேகப் பிரியர் என்றுதான் தோன்றும். 1960-களின் அமெரிக்காவில் 'ஸ்பீட்' என்றால் ஆம்ஃபெட்டமின் என்ற ஊக்கப் போதைமருந்து, அதில் மூழ்கியவர் ஸ்பீட் ஃப்ரீக். இன்று வண்டியை விரட்டுகிறவரையும் அப்படிச் சொல்கிறார்கள். ஆனால் வயதான அமெரிக்கர் ஒருவர் காதில் பழைய பொருள் முதலில் மணியடிக்கலாம். அதற்குப் பதில் 'ஸ்பீட் டீமன்' என்றால் வெறும் வேடிக்கை. ஸ்கூட்டியை அறுபதில் ஓட்டும் அத்தையையும் அப்படிக் கிண்டல் செய்யலாம்.

இரண்டாம் படி: அந்தச் சொல் யாருக்காகப் பிறந்தது என்று கேளுங்கள்

'டேர்டெவில்' எனக்குப் பிடித்த சொல். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் தலைகாட்டியது. சாத்தானையே 'வாடா பார்க்கலாம்' என்று கூப்பிடுகிறவன். வினையும் பெயரும் சேர்ந்து ஆளைக் குறிக்கும் இந்த அச்சில் வார்த்த ஆங்கிலச் சொற்களைக் கொஞ்சம் வரிசையாக நிறுத்துங்கள்: பிக்பாக்கெட், கட்த்ரோட், ஸ்பாயில்ஸ்போர்ட், கில்ஜாய். ஒருவர்கூட நல்லவர் இல்லை! திருடன், கழுத்தறுப்பவன், ஆட்டத்தைக் கெடுப்பவன், சந்தோஷத்தில் மண் போடுபவன். அந்தக் கூட்டத்தில் பிறந்தும் கொஞ்சம் நல்ல பெயர் எடுத்தது டேர்டெவில்தான்.

அந்த நல்ல பெயருக்கு நயாகராவுக்கு நன்றி சொல்ல வேண்டும். 1859-ல் பிளாண்டின் என்ற பிரெஞ்சுக் கழைக்கூத்தர் நயாகரா ஆற்றுப் பள்ளத்தாக்கின் குறுக்கே கயிறு கட்டி நடந்தார். ஒருமுறை தன் மேலாளரையே முதுகில் உப்புமூட்டை தூக்கிக்கொண்டு கடந்தார். 1901 அக்டோபர் 24 அன்று, தன் 63-வது பிறந்தநாளில், ஆனி எட்சன் டெய்லர் என்ற பள்ளி ஆசிரியை ஒரு மரப்பீப்பாய்க்குள் உட்கார்ந்து அருவியோடு விழுந்து உயிரோடு வெளியே வந்தார். வயதான காலத்தில் கையில் காசில்லை, இதைச் செய்தாலாவது நாலு காசு வரும் என்ற கணக்கு. பெரிதாக ஒன்றும் வரவில்லை என்பது வேறு சோகம். பிறகு 1967-ன் கடைசி நாளில் லாஸ் வேகஸில் ஒரு சூதாட்ட விடுதியின் நீரூற்றுகளை மோட்டார் சைக்கிளில் தாண்டப்போய் எலும்புகளை நொறுக்கிக்கொண்ட ஈவல் கனீவல். இவர்கள்தான் டேர்டெவில்கள். எதிரே கூட்டம் வேண்டும், சீட்டு விற்க வேண்டும், மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊர் பார்க்க வேண்டும்.

ஆகவே சர்க்கஸ், ஸ்டண்ட், மரணக்கிணறு ஆகியவற்றில் இறங்குபவரை டேர்டெவில் என்றால் அவருக்கு அது மாலை போட்ட மாதிரி. மலையேறுபவரைச் சொன்னால் முகம் சுருங்கும். அலெக்ஸ் ஹானல்ட் 2017 ஜூன் 3 அன்று கலிஃபோர்னியாவின் எல் கேப்பிட்டன் பாறைச் சுவரில், ஏறத்தாழ 900 மீட்டர், கயிறே இல்லாமல் நான்கு மணி நேரத்துக்குள் ஏறினார். அதற்கு முன் கயிறு கட்டி அதே பாதையில் திரும்பத் திரும்ப ஏறி, கை வைக்கும் இடம் கால் வைக்கும் இடம் என்று ஒவ்வொன்றையும் மனப்பாடம் செய்திருந்தார். ஏறும்போது அட்ரினலின் பொங்குகிறது என்றால் ஏதோ கோளாறாகிவிட்டது என்று அர்த்தம் எனப் பேட்டிகளில் சொன்னவர் அவர். அவரைப் போய் அட்ரினலின் ஜங்கி என்பது, பத்தியச் சாப்பாடு சாப்பிடுகிறவரைச் 'சாப்பாட்டு ராமன்' என்பதுபோல. வசவு இல்லைதான், ஆனால் அவர் தொழிலை நாம் கவனிக்கவே இல்லை என்று காட்டிக்கொடுத்துவிடும்.

இந்த வகையில் உளவியலாளர்கள் கொஞ்சம் கண்ணியமானவர்கள். மார்வின் ஸக்கர்மன் 1964-ல் ஒரு வினாத்தாள் அளவுகோலை வெளியிட்டபோது வைத்த பெயர் 'சென்சேஷன் சீக்கிங்', அதாவது புதுப்புது உணர்வுகளைத் தேடுதல். அது பிற்பாடு நான்கு கிளையாக விரிந்தது: சிலிர்ப்புக்கும் சாகசத்துக்கும் அலைவது, புது அனுபவம் தேடுவது, கட்டுப்பாட்டை உதறுவது, சீக்கிரம் அலுத்துப்போவது. இவர்கள் ஆபத்தை விரும்பிப் போகிறவர்கள் அல்ல, அனுபவத்துக்காக ஆபத்தைச் சகித்துக்கொள்கிறவர்கள் என்று அவர் பிரித்துக் காட்டினார். கட்டுரை, அறிக்கை, பாடம் எழுதுகிறவர்களுக்கு 'சென்சேஷன் சீக்கர்' பத்திரமான சொல்.

அதன் வீட்டுச் சகோதரன் 'த்ரில் சீக்கர்'. இதுவும் பெரும்பாலும் நடுநிலை. சுற்றுலா விளம்பரத்தில் வந்தால் வரவேற்பு. ஆனால் ஒரு விபத்துச் செய்தியின் தலைப்பில் வந்தால், 'தேடிப் போய் வாங்கிக்கொண்டார்' என்ற முணுமுணுப்பு அதில் சேர்ந்துவிடும். செத்தவர் வீட்டுக்கு எழுதும் இரங்கல் கடிதத்தில் வேண்டாம்.

மூன்றாம் படி: வண்டி சம்பந்தப்பட்டால் ஊரைக் கேளுங்கள்

கார், பைக் சொற்கள் கடல் தாண்டினால் குணம் மாறிவிடும். பிரிட்டனில் 'பெட்ரோல்ஹெட்', அமெரிக்காவில் 'கியர்ஹெட்': இரண்டும் வண்டி என்றால் உயிர் விடுகிறவர்கள், இஞ்சினைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருப்பவர்கள். ஆபத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. தாராளமாகச் சொல்லலாம், சந்தோஷப்படுவார்கள்.

பிரிட்டனில் 'பாய் ரேசர்' என்றால் கதை வேறு. சின்னக் காருக்குப் பெரிய சைலன்சர் மாட்டி, ராத்திரியில் கார் நிறுத்துமிடத்தில் வட்டமடிக்கும் விடலை. ஏளனமும் எரிச்சலும் கலந்த சொல். நாற்பது வயதுக்காரரைச் சொன்னால் இரட்டை அவமானம். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் அந்த ஆள் 'ஹூன்'. அங்கே அது வெறும் வசவாக நிற்கவில்லை. தெருவில் டயரைத் தேய்த்துப் புகை கிளப்புகிறவர்களின் வண்டியைப் பறிமுதல் செய்யும் சட்டங்களுக்கே 'ஆன்டி ஹூன்' சட்டங்கள் என்றுதான் நாட்டுவழக்கில் பெயர். மெல்பர்னில் படிக்கப்போன பையன் "நான் ஒரு ஹூன்" என்று பெருமையாகச் சொன்னால், பக்கத்து வீட்டுக்காரர் வண்டி எண்ணைக் குறித்துவைத்துக்கொள்வார்.

அமெரிக்க மோட்டார் சைக்கிள் வட்டத்தில் 'ஸ்க்விட்' என்று ஒரு சொல் உண்டு. கடலில் இருக்கும் கணவாய்தான். டீஷர்ட், அரைக்கால் சட்டை, செருப்போடு பந்தய பைக்கை விரட்டுகிறவனுக்கு, ஒழுங்காகக் கவசம் மாட்டி ஓட்டுகிற மற்ற ஓட்டிகள் வைத்த பெயர். நம் ஊர் சாலைகளைப் பார்த்தால் பாதி ஊரே கணவாய் என்று சொல்ல வேண்டியிருக்கும்.

அடுத்தது, தெரிந்துவைத்துக்கொண்டு வாயில் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டிய ஒன்று: 'டோனர்சைக்கிள்'. மோட்டார் சைக்கிளுக்கு ஆங்கிலம் பேசும் மருத்துவமனைகளில் புழங்கும் கறுப்பு நகைச்சுவைப் பெயர். ஓட்டுகிறவர் சீக்கிரம் உறுப்பு தானம் செய்வார் என்று அர்த்தம். ராத்திரி முழுக்க விபத்துக் கேஸ் பார்க்கும் டாக்டரும் நர்ஸும் மனம் நொறுங்காமல் இருக்கத் தங்களுக்குள் சொல்லிக்கொள்வது. அவர்கள் வாயை விட்டு வெளியே வந்தால் அது வெறும் கொடூரம்.

இந்த இடத்தில் நம் இந்திய ஆங்கிலத்தையும் ஒரு தட்டுத் தட்டவேண்டும். 'ராஷ் டிரைவிங்' என்கிறோம். நம் தண்டனைச் சட்டத்தின் 279-வது பிரிவிலும், அதற்குப் பதிலாக 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நியாய சன்ஹிதாவின் 281-வது பிரிவிலும் இருக்கும் சொல்தான். அமெரிக்கரிடம் 'ரெக்லெஸ் டிரைவிங்' என்றால்தான் குற்றம் என்று உடனே உறைக்கும். பிரிட்டனில் 1991-ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு அது 'டேஞ்சரஸ் டிரைவிங்'. "ஹீ ஈஸ் எ ராஷ் டிரைவர்" என்று வெளிநாட்டில் சொன்னால், தோலில் தடிப்பு (அதுவும் 'ராஷ்'தான்) வந்த டிரைவரா என்று ஒரு நொடி முழிக்கக்கூடும். எந்த ஊரானாலும் 'ரெக்லெஸ்' என்பதை எழுத்தில் ஒருவர் பெயருக்குப் பக்கத்தில் வைக்குமுன் யோசியுங்கள். அது குணத்தைச் சொல்வதோடு நிற்காது, குற்றம் சாட்டும்.

நான்காம் படி: அது உள்வீட்டுச் சொல்லா என்று பாருங்கள்

விடுதி அறையில் நண்பர்கள் ஒருவரை ஒருவர் "டேய் பரதேசி", "வாடா லூசு" என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். வாசலில் நிற்கிற கூரியர்காரர் அதே சொல்லால் கூப்பிட்டால்? ஆங்கிலத்திலும் அந்த வாசற்படி உண்டு.

'டர்ட்பேக்' என்றால் அகராதியில் அழுக்குப் பிடித்த அயோக்கியன். எல் கேப்பிட்டன் இருக்கும் யோசெமிட்டி பள்ளத்தாக்கின் முகாம்களில் மாதக்கணக்கில் கூடாரத்திலும் வேனிலும் கிடந்து, ரொட்டிக்குக் காசில்லாவிட்டாலும் பாறை ஏறுவதை விடாதவனுக்கு அதுவே பட்டம். ஒரு பாறையேறி இன்னொருவரை "ட்ரூ டர்ட்பேக்" என்றால் கண்ணில் நீர் வருகிற பாராட்டு. நீங்களும் நானும் சொல்லக்கூடாது. பனிச்சறுக்குக்காக வேலையை விட்டுவிட்டு மலை விடுதியில் பாத்திரம் கழுவிப் பிழைப்பவர் 'ஸ்கீ பம்'. இதிலும் 'பம்' என்றால் அமெரிக்காவில் சோம்பேறி நாடோடி, பிரிட்டனில் பிட்டம் என்பதை மறந்துவிட வேண்டாம்.

உள்ளேயிருப்பவர்கள் நமக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள். வானத்திலிருந்து பாராசூட்டோடு குதிப்பவர்கள் குதிக்காதவரை 'வஃபோ' என்பார்கள். "வாட் ஃபார்? எதுக்குப்பா குதிக்கிறே?" என்று ஓயாமல் கேட்பவன் என்று பொருள். அலைச்சறுக்கில் ஒன்றும் தெரியாமல் நடுவில் வந்து இடிப்பவன் 'கூக்', அது திட்டு. அலைமேல் நிற்கப் பழகும் பொடிப்பையன் 'க்ராமெட்', அது செல்லம்.

பிரிட்டிஷாருக்குத் தங்களையே மட்டம் தட்டிக்கொள்ளும் பழக்கம் கொஞ்சம் அதிகம். 1979 ஏப்ரல் 1 அன்று பிரிஸ்டலின் கிளிஃப்டன் தொங்குபாலத்திலிருந்து ரப்பர் கயிறு கட்டிக் குதித்து, இன்றைய பங்கி ஜம்பிங்கைத் தொடங்கிவைத்தவர்கள் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் வட்டத்தில் பிறந்த ஒரு சங்கத்துக்காரர்கள். சங்கத்தின் பெயரே 'டேஞ்சரஸ் ஸ்போர்ட்ஸ் கிளப்'. போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. அப்படிப்பட்ட ஒருவர் "ஐ ஆம் எ பிட் ஆஃப் எ நட்டர்" என்று உங்களிடம் சொன்னால் புன்னகை செய்யுங்கள். "யெஸ், யூ ஆர்" என்று பதில் சொல்லிவிடாதீர்கள். தன்னைத் தானே கிறுக்கன் என்கிற உரிமை அவருக்கு மட்டும் உண்டு. நட்டர், லூனடிக், சைக்கோ எல்லாம் மனநோயைத் தொட்டுப் பிறந்த சொற்கள். 'க்ரேஸி' நாள்பட நீர்த்துப்போய்விட்டது. நண்பர்களிடம் போகட்டும், அலுவலக மின்னஞ்சலில் வேண்டாம்.

ஐந்தாம் படி: நேரம் பாருங்கள்

விபத்துக்கு முன்னால் சொன்னது வேறு, பின்னால் சொன்னது வேறு. மருத்துவமனையில் கட்டுப்போட்டுப் படுத்திருப்பவர் முன்னால் 'டேர்டெவில்' கூடக் குத்திக்காட்டல். 'ஃபூல்ஹார்டி' என்றால் அசட்டுத் துணிச்சல்காரன். கண்டிக்கும் உரிமை உள்ள பெரியவர் சொல்லலாம். 'டெத் விஷ்', சாகத் துடிக்கிறான் என்பது, தற்கொலை எண்ணத்தை ஒட்டி நிற்பதால் வேடிக்கைக்கு உதவாது. முட்டாள்தனமாகச் செத்தவர்களுக்குப் 'டார்வின் அவார்டு' கொடுத்துச் சிரிப்பதும் இணையத்தில் சகஜம். அந்தச் செய்திக்குக் கீழே செத்தவரின் தங்கையும் படித்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்தால் விரல் நின்றுவிடும்.

ஆறாம் படி: தடுமாறினால் ஆளை விடுங்கள், செயலைச் சொல்லுங்கள்

தொழிலில் எனக்குப் பெரும்பாலும் கைகொடுப்பது இதுதான். பாறை ஏறுகிறாரா, கிளைம்பர். பாராசூட்டில் குதிக்கிறாரா, ஸ்கைடைவர். கட்டடம், கோபுரம், பாலம், மலைமுகடு ஆகியவற்றிலிருந்து குதிப்பவர் பேஸ் ஜம்பர். அந்த நான்கின் ஆங்கிலப் பெயர்களின் முதலெழுத்துகள்தான் 'பேஸ்'. இதில் புகழ்ச்சியும் இல்லை, இகழ்ச்சியும் இல்லை. கொஞ்சம் பாராட்டு வேண்டுமென்றால் முன்னால் 'கீன்' அல்லது 'எக்ஸ்பீரியன்ஸ்ட்' போடுங்கள்: "ஷீ ஈஸ் எ கீன் கிளைம்பர்". செயலின் பெயரே தெரியாவிட்டால் "ஹீ ஈஸ் இன்டு அட்வென்ச்சர் ஸ்போர்ட்ஸ்". யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள்.

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகிறவர்கள் ஒரு பள்ளத்தைக் கவனிக்க வேண்டும். நம் நாளிதழ்களில் 'பைக் சாகசத்தில் ஈடுபட்ட இளைஞர்கள் கைது' என்று வரும். அதை அகராதியைப் பார்த்து 'பைக் அட்வென்ச்சர்' என்று மாற்றினால், இமயமலைக்கு பைக்கில் போனவர்களை ஏன் பிடித்தார்கள் என்று படிப்பவர் குழம்புவார். அங்கே வேண்டியது 'ஸ்டண்ட்', அல்லது முன்சக்கரத்தைத் தூக்கினார்கள் என்றால் 'வீலி'. தமிழ் 'சாகசம்' வீரச்செயலையும் குறிக்கும், வீண்வம்பையும் குறிக்கும். ஆங்கில 'அட்வென்ச்சர்' பெரும்பாலும் நல்ல பக்கம் மட்டுமே. எதிர்த்திசையில் வரும்போது 'அட்ரினலின் ஜங்கி'யை நான் இடத்தைப் பொறுத்துச் 'சிலிர்ப்புக்கு அலைபவர்' என்றோ 'சாகசப் பைத்தியம்' என்றோ போடுவேன். 'சாகச அடிமை' என்று ஒருமுறை ஒரு கைப்பிரதியில் பார்த்தேன். கீழே கோடு போட்டுத் திருப்பி அனுப்பினேன்.

மாப்பிள்ளையின் சுயவிவரத்தில் அந்த வரியை அடித்துவிட்டு, வாராவாரம் அவன் போகிற மலைநடையை எழுதச் சொன்னேன். 'வீக்கெண்ட் ட்ரெக்கர்' என்று போட்டான். பங்கி எங்கும் இல்லை.

அந்தப் பங்கி வீடியோவை அக்காவுக்கு அவன் காட்டியது அதற்கப்புறம்தான். நான் பக்கத்தில் இருந்தேன். மேடை விளிம்பில் கையை விரித்து நிற்கிறான், ஒன்று இரண்டு மூன்று, விழுகிறான். அக்கா போனைக் கீழே வைத்துவிட்டு, "கொழுப்பெடுத்தவனே" என்று அவன் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். பிறகு போனை எடுத்து, "திருப்பிப் போடு" என்றாள். மூன்றாவது தடவை பார்க்கும்போது சிரித்துக்கொண்டிருந்தாள். நானும் சும்மா இராமல், "கொழுப்புத்தான் இவனுக்கு" என்றேன்.

"எம் பிள்ளையை நீ ஒண்ணும் சொல்ல வேணாம்" என்றாள்.